ஒரு சிட்டிகை தேக்குத்தூள்

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து மர அறுவை மில்களில் குப்பை என்று ஒன்று கிடையாது. பலகையும் சட்டமும் ரீப்பரும் போக மிஞ்சுகிற வெளிப்பட்டையை அடுப்பெரிக்க வாங்கிப்போவார்கள். ரம்பத்துக்கு அடியில் குவியும் தூளுக்கும் சாக்குக் கணக்கில் விலை உண்டு. தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டால் மரத்தூள் அடுப்பு தயார். ஒருதரம் பற்றவைத்தால் மணிக்கணக்கில் எரியும். தச்சுப் பட்டறையில் இழைப்புளி சுருட்டித் தள்ளும் சீவல் கோழிப்பண்ணைக்குப் படுக்கையாகப் போகும்.

அதே மரத்தின் கடைசித் துகளுக்கு மட்டும் கேட்பாரில்லை. கதவையும் கட்டிலையும் மழமழப்பாக்கும்போது சாண்டர் மிஷின் உதிர்க்கிற மாவு அது. அடுப்பில் தூவினால் குப்பென்று பற்றிப் பறக்கும். கோழிக்குப் போட்டால் கோழி தும்மும். வாங்க ஆளில்லாத சரக்கு என்பதால், போகுமிடத்தை அதுவே தேடிக்கொள்கிறது. எங்கே பிறந்தது, எங்கெங்கே தங்கியது, கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அதன் பின்னாலேயே நடந்து பார்த்தால், மிஷினைச் சுத்தம் பண்ணுவது என்ற சின்ன வேலைக்குள் எவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது என்பது தெரியும்.

மலை தாண்டி வந்த மரம்

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் கொஞ்சம் இடம் விடுகிறது. சாரலும் காற்றும் ரயிலும் லாரியும் அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகின்றன. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர் கேஜ் பாதை 1904-ல் வந்தது. புனலூர்–செங்கோட்டைத் துண்டை 2010-ல் மூடி, அகலப் பாதையாக்கி 2018-ல் திறந்தார்கள். நடுவில் எல்லைகளும் மாறின. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். எல்லை எப்படி மாறினாலும் மரம் வரும் வழி மாறவில்லை. புனலூர், தென்மலைப் பக்கத்துக் காட்டுத் தேக்கும், ஆயினியும், ரப்பர் மரமும் புளியரை வளைவுகளில் இறங்கித்தான் மரவாடிக்கு வரும். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தேக்கும் அதோடு போட்டி போடுகிறது. மியான்மர் 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நட்டு வளர்த்த தேக்குக்கு மவுசு கூடியது.

நம் கையிலிருப்பது தேக்குத்தூள் என்றே வைத்துக்கொள்வோம். கேரளத்துத் தோட்டத் தேக்கு வெட்டுக்கு வர ஐம்பது, அறுபது ஆண்டு ஆகும். அவ்வளவு காலமும் அது தன்னைக் காத்துக்கொள்ளச் சில சரக்குகளைச் சேர்த்து வைக்கிறது. கரையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன், எண்ணெய்ப் பசை, மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா. வாசக்காலாக நிற்கும்போது இந்தக் குணங்களுக்காகத்தான் தேக்கைக் கொண்டாடுகிறோம். தூளானதும் அதே குணங்கள் திரும்பி நிற்கின்றன. சிலிக்கா உளியையும் ரம்பப் பல்லையும் மழுக்கும். எண்ணெய்ப் பசை உப்புத்தாளில் ஒட்டி அடைக்கும். தேக்கிலுள்ள லபச்சால் வகைச் சேர்மங்கள் சிலர் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். தேக்கு வேலை வந்தால் கை அரிக்கிறது என்று சொல்கிற ஆசாரி செல்லம் கொஞ்சவில்லை. அது மருத்துவ நூல்களில் பதிவான ஒவ்வாமை.

இலையிலிருந்து மின் உலைக்கு

தச்சு வேலையில் தூள் எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. இழைப்புளி மரத்தைச் சீவும். சீவியது சுருளாகக் காலடியில் விழும். குற்றாலத்தில் சீசன் கடைகளில் குவித்து வைத்திருக்கும் மரச் சொப்பு, பம்பரம் போன்ற கடைசல் சாமான்களும் அப்படித்தான்: சுழலும் கட்டையில் உளியை வைத்தால் நார் நாராக உரியும், பிறகு சுழற்சியின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். கடைசி மெருகுக்குப் பராய் மரத்தின் சொரசொரப்பான இலை இருந்தது. திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறைக் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அந்த மரம். அதன் இலையால் மரத்தைத் தேய்ப்பது தென்கிழக்கு ஆசியா வரை பழைய வழக்கம். இலையால் தேய்த்தால் உதிரும் தூள் ஒரு உள்ளங்கை அளவுதான்.

உப்புத்தாள் வந்ததும் கணக்கு மாறத் தொடங்கியது. 1833-ல் லண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித் துகளைக் காகிதத்தில் ஒட்டி விற்கத் தொடங்கினார். 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடைக் கண்டுபிடித்து அதற்குக் கார்போரண்டம் என்று பேர் வைத்தார். அந்தப் பேர் சென்னைக்கு வந்தது 1954-ல். முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. பாக்சைட்டை மின் உலையில் 2,000 டிகிரிக்கு மேல் உருக்கி, ஆறியதை உடைத்துச் சலித்தால் அலுமினியம் ஆக்சைடு மணி. கொச்சிக்குப் பக்கத்தில் இடப்பள்ளியில் அந்த நிறுவனத்துக்கு அப்படி உலைகள் உண்டு. தென்காசி ஹார்டுவேர் கடையில் கஜக் கணக்கில் வெட்டித் தரும் செந்நிற உருளைத் துணியில் ஒட்டியிருப்பதும் அந்தச் சாதி மணிதான். நம்பர் 80 தாளில் மணியின் பருமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். 120-ல் 0.125. 220-ல் 0.07-க்கும் கீழே. நம்பர் ஏற ஏற மணி சிறுக்கும். உதிரும் தூளும் சிறுக்கும்.

கையால் தேய்க்கும்வரை தோள்வலிதான் தூளுக்கு அணை. 1926-ல் அமெரிக்காவின் போர்ட்டர்–கேபிள் நிறுவனத்துப் பொறியாளர் ஆர்ட் எமன்ஸ், கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின்சார பெல்ட் சாண்டரை உருவாக்கியதும் அந்த அணை உடைந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே தூளுக்கு எதிரான ஒரு கண்டுபிடிப்பும் சந்தைக்கு வந்திருந்தது. பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைக் கண்டுபிடித்தார். 3எம் நிறுவனம் 1921-ல் அதை விற்கத் தொடங்கியது. தண்ணீரோடு தேய்த்தால் தூள் பறக்காது. கார்ப் பட்டறைகள் அதைக் கொண்டாடின. நம்மூர் பெயிண்டர்கள் இன்றும் கேட்டு வாங்குகிற வாட்டர் பேப்பர் அதுதான். ஆனால் பூச்சில்லாத மரத்தில் அது ஆகாது. தண்ணீர் பட்டால் நார் எழும்பும். பெயிண்டருக்குக் கிடைத்த விடுதலை ஆசாரிக்குக் கிடைக்கவில்லை. அவர் உலர்ந்தே தேய்த்தாக வேண்டும்.

நாலு வழி

சாதாரண ஆர்பிட்டல் சாண்டரை எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குல வட்டத் தட்டு. மோட்டார் தண்டின் மையம் சற்றே விலகியிருப்பதால் தட்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வட்டத்தில் அலையும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் அலைச்சல். தாளின் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அலைச்சலிலும் மரத்தைச் சுரண்டுகிறது. அப்படிப் பிறந்த தூளுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது.

முதல் வழி, வடிவமைத்தவர் நினைத்த வழி. தாளிலும் தட்டிலும் துளைகள் உண்டு. உள்ளே மோட்டார் தண்டிலேயே ஒரு விசிறி. அது துளை வழியே தூளை இழுத்துப் பின்னால் தொங்கும் பைக்குத் தள்ளும். தாளின் துளையும் தட்டின் துளையும் நேருக்கு நேர் நின்றால்தான் இது நடக்கும். உருளையிலிருந்து வெட்டிய துளையில்லாத தாளை ஒட்டி ஓட்டினால் அந்த வழி அங்கேயே அடைபட்டது.

இரண்டாம் வழி, பிறந்த இடத்திலேயே தங்குவது. மணிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் தூள் புகுந்து, தேக்கின் எண்ணெயோடும் உராய்வுச் சூட்டோடும் சேர்ந்து கருத்த பத்தையாக இறுகிவிடும். பிறகு தாள் அறுக்காது, தேய்க்கத்தான் செய்யும். சூடு கூடி மரத்தில் கருகல் விழும். ஆள் என்ன செய்வார்? இன்னும் அழுத்துவார். அழுத்தினால் மோட்டார் திணறும், தூள் இன்னும் பொடியாகும். இதைத் தவிர்க்கத்தான் சில தாள்களில் மணிகளை இடைவெளி விட்டு ஒட்டுகிறார்கள். மேலே வெள்ளையாக ஸ்டியரேட் பூச்சும் பூசுகிறார்கள். எண்ணெய் மரத்துக்கு அந்த வெள்ளைத் தாளே நல்லது. பெல்ட் சாண்டரின் பெல்ட் அடைபட்டால் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஓடும் பெல்ட்டில் கிரேப் ரப்பர் கட்டியை மெல்ல அழுத்தினால் அடைந்த தூளை ரப்பர் கவ்வி எடுத்துவிடும். அந்த ரப்பர் பிறப்பதும் புனலூர், ஆரியங்காவுப் பக்கத்துத் தோட்டங்களில் வடிகிற மாதிரியான பாலிலிருந்துதான்.

மூன்றாம் வழி மோட்டாருக்குள் போகிறது. மோட்டார் சூடாகாமலிருக்க இன்னொரு விசிறி வெளிக்காற்றை மேலே உள்ள சந்துகள் வழியே உறிஞ்சும். சுற்றிலும் தூள் பறந்தால் உறிஞ்சுவதும் தூளைத்தான். அது காயிலின் மேல் கம்பளி போலப் படியும், வெப்பம் வெளியேறாது. சுவிட்சின் தொடுமுனையில் படியும். அமுக்கினால் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள் முன்னும் பின்னும் வழுக்கியபடி இருக்க வேண்டியது. தூள் அடைத்தால் சிக்கிக்கொள்ளும், ஆர்மேச்சரில் சரியாகப் படாமல் பொறி பறக்கும். பேரிங்கில் புகுந்த தூள் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசையாகும்; மிஷினின் சத்தம் மாறுவது அப்போதுதான். கடைசியில் காயில் கட்டுகிற கடைக்குப் போவார்கள். “காயில் போச்சு அண்ணாச்சி” என்பார் கடைக்காரர். காயில் தானாகப் போவதில்லை. தூள் அதை மூச்சுமுட்ட வைத்துக் கொல்கிறது.

நாலாம் வழி, காற்று. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சாரல் காலத்துப் பசை

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் ஊரெல்லாம் சந்தோஷம். ஆனியும் ஆடியும் பட்டறைக்கு மட்டும் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. தென்காசியில் வெயில் எட்டிப் பார்க்காத நாள்களில் சாரல் பொடிப்பொடியாகத் தூவிக்கொண்டே இருக்கும். மரத்தூள் ஈரத்தை இழுக்கும் சாதி. சித்திரையில் தட்டினால் உதிர்ந்த தூள், ஆடியில் கெட்டிப் பசையாக ஒட்டிக்கொள்ளும். பையின் துணித் துளைகள் அடைபட்டு, விசிறி இழுத்தும் காற்று போகாது. காயில்மேல் படிந்த மரத்தூளோடு பிரஷ் தேய்ந்து உதிர்த்த கார்பன் தூளும் ஈரமும் சேர்ந்தால் மின்கசிவுக்கும் வழி உண்டு. மூலையில் போட்டுவைத்த மிஷினை மழை விட்டதும் எடுத்து நேராக பிளக்கில் செருகுவது ஆபத்து.

ஆகவே இந்த வட்டாரத்தில் சாண்டரைச் சுத்தம் பண்ண உகந்த நேரம் வேலை முடிந்த அந்தச் சாயங்காலமே, தூள் உலர்ந்திருக்கும்போதே. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரி ஈரம் வேலையை இரட்டிப்பாக்கிவிடும்.

முறை எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அமர்த்தினால் மட்டும் போதாது. பையைக் கழற்றிச் சாக்குக்குள்ளேயே வைத்துத் தட்ட வேண்டும். பை நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது. பாதி நிரம்பும்போதே இழுவை குறைந்துவிடும். தாளை உரித்துவிட்டு, தட்டின் துளைகளை மரக்குச்சியால் குத்தி, பெயிண்ட் பிரஷ்ஷால் துடைக்கலாம். தாள் ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோ பரப்பிலும் தூள் அடையும். அங்கே அடைந்தால் தாள் வழுகிப் பறக்கும். பெல்ட் சாண்டரானால் உருளைகளையும், பெல்ட்டுக்கு அடியிலுள்ள தகட்டையும் பார்க்க வேண்டும். உருளையில் பத்தை ஒட்டியிருந்தால் பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடிப்போகும். மோட்டார் சந்துகளில் வாக்குவம் கிளீனரின் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். பிரஷ் மூடியைத் திருகிக் கழற்றி, கார்பன் கட்டை கூட்டுக்குள் லேசாக வழுக்குகிறதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உலர்ந்த துணியால் துடைத்துப் போடலாம். வெளிக்கூட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பிளாஸ்டிக் வெடிக்கும், உள்ளே ஆவி தங்கினால் அடுத்த பொறிக்கு அதுவே தீனி.

பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இது இல்லை. புளோயரையோ கம்பிரஸர் குழாயையோ சந்துக்குள் காட்டி ஒரு ஊது. ஒரு நிமிஷத்தில் மிஷின் பளிச்சென்று ஆகிவிடும். அழுத்தம் கூடினால் தூள் வெளியே வருவதற்குப் பதில் பேரிங்குக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் ஏறும் என்பது ஒரு கேடு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி சுத்தம் செய்யும் காற்றுக்கு 30 பிஎஸ்ஐ என்று வரம்பு வைத்திருக்கிறது. கம்பிரஸர் தொட்டியில் நூறுக்கு மேல் நிற்கும். அதைவிடப் பெரிய கேடு இன்னொன்று. ஊதிய தூள் எங்கே போனது? மிஷினில் இல்லை. பட்டறைக் காற்றில் இருக்கிறது. சுத்தம் பண்ணினோம் என்று நினைப்பது பல நேரம் தூளை இரும்பிலிருந்து எடுத்து ஆளிடம் ஒப்படைப்பதுதான்.

நாலாம் வழியில் போனது

பத்து மைக்ரான் பருமனுள்ள துகள், அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சுமார் பத்து நிமிஷமாகும். இரண்டு மைக்ரான் துகளுக்கு மணிக்கணக்கு. மிஷினை நிறுத்தியதும் முகத்துணியைக் கழற்றிவிட்டு டீ குடிக்க உட்காருகிறார்களே, அப்போது கண்ணுக்குத் தெரிகிற தூள் அடங்கியிருக்கும். தெரியாதது மூக்கு மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். பெரிய துகளை மூக்கு பிடித்துக்கொள்ளும். ஐந்து மைக்ரானுக்குக் கீழே உள்ளதில் ஒரு பகுதி நுரையீரலின் அடிவரை போகும்.

மூக்கு பிடித்துக்கொண்டதும் கதை முடிவதில்லை என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர் ஒன்று உண்டு. லண்டனுக்கு வடமேற்கே ஹை விக்கம். சுற்றிலும் பீச் மரக் காடு. ஊர் முழுக்க நாற்காலிப் பட்டறை. 1960-களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹேட்ஃபீல்டு, மிக அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் தம்மிடம் வரும் மரவேலைக்காரர்களிடம் அடிக்கடி தென்படுவதைக் கவனித்தார். டொனால்டு அச்சிசன் முதலானவர்களோடு சேர்ந்து கணக்கெடுத்து 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டு ஆகும் என்பதால், பட்டறையை மகனிடம் விட்டு ஓய்வெடுக்கும் வயதில்தான் அது தெரியவரும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் புற்றுநோய் இன்றும் அபூர்வமானதுதான். தினசரி வருவது வேறு: மூக்கடைப்பு, கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, ராத்திரி இருமல், சிலருக்கு ஆஸ்துமா. பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம் என்பது வரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் தன் வரம்பை 2023-ல் 2 மில்லிகிராமாகக் குறைத்தது. மூடிய அறையில் பையில்லாத சாண்டரை ஓட்டினால் இந்த வரம்பைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

தூளுக்கு நெருப்புக் குணமும் உண்டு. 2012-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு மர மில்கள் தூள் வெடித்து நாசமாயின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். சிறு பட்டறையில் அந்த அளவு தூள் சேராது. அங்கே ஆபத்து பையில்தான். மரத்தில் புதைந்த ஆணியில் தாள் பட்டால் பறக்கும் பொறி பைக்குள் போகும். வார்னிஷ் பூசிய பழைய கதவைத் தேய்த்தால் அந்தத் தூளும் மரத்தூளும் பைக்குள் சேர்ந்து தாமாகவே சூடேறிப் புகையவும் கூடும். பழைய சாமான் தேய்த்த அன்று பையைக் காலி பண்ணாமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

பிறந்த இடத்திலேயே பிடிப்பது

பறந்த தூளைத் துரத்துவதைவிடப் பிறந்த இடத்தில் பிடிப்பது சுலபம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவு இதைத்தான் சொன்னது: தூசி எழும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் உறிஞ்சும் கருவி வைக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்றது. அப்பாவும் மகனும் ஒரு கையாளும் வேலை செய்கிற பட்டறை அதன் கண்ணில் படவே இல்லை.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. பெரும்பாலான சாண்டர்களின் பின்னால், பையைக் கழற்றிவிட்டு வாக்குவம் கிளீனரின் குழாயை மாட்ட வாய் இருக்கிறது. அளவு சேராவிட்டால் ஒரு துண்டு ரப்பர் டியூப் போதும். குழாய் மாட்டியபின் பறப்பது பெருமளவு குறையும். தாள் சூடாகாது, அடைபடாது, கூடுதல் நாள் உழைக்கும். மோட்டாருக்குள் போகிற தூளும் குறையும். வடிகட்டி நல்லதாக இருக்க வேண்டும். சாதாரணத் துணி வடிகட்டியானால் முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதிவிடும். ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். குழாயின் நடுவே ஒரு மூடிய வாளியை வைத்துக் காற்றைச் சுழலவிட்டால் கனத்த தூள் வாளியிலேயே தங்கி வடிகட்டியின் ஆயுளைக் கூட்டும்.

இரண்டாவது, முகத்துக்கு என்95 போன்ற மாஸ்க். தோளில் கிடக்கும் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டுவது கண்ணுக்குத் தெரியும் தூளை மட்டும் நிறுத்தும். மூன்றாவது, காற்றின் போக்கு. தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்தவர்களுக்கு இந்த ஊர்க் காற்றின் பலம் தெரியும். மேற்கே இருந்து வரும் அந்தக் காற்றைப் பட்டறையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மேற்கும் கிழக்கும் திறந்திருக்க, காற்று குறுக்கே கடக்கும்படி நின்று தேய்த்தால் தூள் முகத்தைச் சுற்றாமல் விலகிப் போகும். காற்றுக்கு நேராக முதுகைக் காட்டி நின்றால் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகித் தூள் முகத்துக்கே திரும்பும். ஓரம் சாய்ந்து நிற்பதுதான் சரி. கிழக்கே வீடு இருந்தால் இந்த வழி ஆகாது; நம் மூக்கிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்கு அனுப்புவது தீர்வாகாது.

பிடித்த தூளை என்ன செய்வது? அதற்கும் பழைய உபயோகம் ஒன்று இருக்கிறது. இணைப்பில் விரிசலோ ஆணிக்குழியோ இருந்தால், அதே மரத்தின் நைசான தூளைப் பசையில் குழைத்து அடைப்பார்கள். முன்பு வச்சிரம், இப்போது ஃபெவிகால். வேறு மக்கு எதுவும் அந்த மரத்தின் நிறத்துக்கு இவ்வளவு கிட்டே வராது. தேக்கு, ஆயினி, வேங்கை என்று மரவாரியாகக் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். மிச்சத்தைச் சாக்கில் ஈரம் தெளித்துக் கட்டி அப்புறப்படுத்தலாம். பூச்சில்லாத மரத்தின் தூள் குப்பைக்குழியில் சாணத்தோடு மக்கும். பிளைவுட், எம்டிஎஃப் தேய்த்த தூளில் ஃபார்மால்டிஹைடு பசை கலந்திருக்கும். அது தோட்டத்துக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது.

இத்தனைக்கும் செலவு உண்டு. குழாய், வடிகட்டி, மாஸ்க், சாயங்காலம் சுத்தம் செய்யும் அரை மணி நேரம். இன்று அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்த்தால், காயிலாகவும் பேரிங்காகவும் பட்டறைக்காரர் கொஞ்சம் ஏற்கிறார். இருமலாக அவருடைய ஆள் மிச்சத்தை ஏற்கிறார். மழமழப்பான கதவை வாங்கிக்கொள்கிற வீட்டுக்காரர் மட்டும் எதுவும் ஏற்பதில்லை. அவர் கைக்கு வரும் எஸ்டிமேட்டில் மரம், கூலி, கீல், தாழ்ப்பாள், பாலிஷ் எல்லாம் வரி வரியாக இருக்கின்றன. தூள் பிடிக்க ஒரு வரி இருப்பதில்லை. ஆசாரி அதை எழுதத் தயங்குவார். எழுதாத இன்னொருவரிடம் வேலை போய்விடும் என்ற அவருடைய பயம் நியாயமானது. அதனால் பேச்சை வீட்டுக்காரர்தான் எடுக்க வேண்டும். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் விலை பேசி முடித்த பிறகு, “தூளுக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கிய அண்ணாச்சி? அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க” என்று சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.